ஸ்லைடிங் கேட் கண்ட்ரோல் போர்டு ஒயரிங்: எதை எங்கே கொடுப்பது, எதை ஷார்ட் செய்யக் கூடாது

நீங்கள் கேட்டிருப்பது இது: 14 அடி இரும்பு ஸ்லைடிங் கேட்டுக்கு மோட்டார் மாட்டியாகிவிட்டது. மாட்டியவர் ஒயரிங்கை முடிக்காமல் போய்விட்டார். கண்ட்ரோல் போர்டில் வரிசையாக டெர்மினல்கள் (ஒயர் மாட்டும் முனைகள்) இருக்கின்றன. எந்த ஒயர் எங்கே போக வேண்டும்? போட்டோசெல் (கேட்டின் வழியில் ஆள் குறுக்கிட்டால் உணரும் ஒளி சென்சார்) இன்னும் வாங்கவில்லை. அதுவரை அந்த இரண்டு டெர்மினலையும் சின்ன ஒயரால் ஷார்ட் செய்து ஓட்டலாமா? முதல் கேள்விக்குத்தான் பதில் வேண்டும் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஆளைக் காயப்படுத்தக் கூடியது இரண்டாவது கேள்விதான். அதற்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேட் தானாக மூடும்படி வைத்தோ, கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து ரிமோட்டால் மூடியோ பயன்படுத்துவதாக இருந்தால், ஷார்ட் செய்யக் கூடாது. காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

எல்லாப் போர்டுக்கும் பொதுவான விஷயங்கள் உண்டு, போர்டுக்குப் போர்டு மாறுபவையும் உண்டு. கரண்ட் வரும் பக்கம், எர்த், 230 வோல்ட்டையும் 24 வோல்ட்டையும் பிரித்து வைப்பது, பாதுகாப்பு இன்புட்டுகள் வேலை செய்யும் முறை ஆகியவை எங்கும் ஒன்றுதான்; அவற்றை உறுதியாகச் சொல்ல முடியும். டெர்மினல் எண்கள், டிப் சுவிட்ச் (போர்டின் மேல் இருக்கும் சின்ன சுவிட்சுகள்) அமைப்பு, எந்த எல்.ஈ.டி. எதைக் காட்டுகிறது என்பவை ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். அவற்றுக்குப் போர்டோடு வந்த தாளில் இருக்கும் படம்தான் ஆதாரம். தாள் தொலைந்திருந்தால், போர்டின் மேல் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணை வைத்து அதைத் தேடி எடுத்த பிறகே ஸ்க்ரூ டிரைவரைத் தொடுங்கள். வேறொரு போர்டின் வீடியோவைப் பார்த்து ஒயர் கொடுத்து டிரான்ஸ்ஃபார்மர் எரிந்த போர்டுகள் ரிப்பேர் கடைகளில் நிறைய உண்டு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாதிரியானவற்றை மாற்றுவதைத் தாண்டிய ஒயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். வீட்டு டிபி-யிலிருந்து (மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பெட்டி) கேட்டுக்குப் புதிதாக ஒரு சர்க்யூட் இழுப்பது அந்த வகையில் வரும். எனவே 230 வோல்ட் பக்கத்தை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அவர் செய்வது சரியா என்று பார்க்க கீழே சொல்வது உதவும். 24 வோல்ட் பக்கத்தை, அதாவது போட்டோசெல், பட்டன் ஒயர்களை, பொறுமை உள்ள யாரும் செய்யலாம்.

கேட்டுக்குத் தனி சர்க்யூட் வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், கேட் தூணில் இருக்கும் லைட்டுக்கு வரும் ஒயரிலிருந்தே மோட்டாருக்கும் எடுத்துவிடுவார்கள். பகலில் தூண் லைட்டை அணைத்தால் கேட்டும் செத்துவிடும். அதைவிட மோசம், அந்த லைட் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் மெயினை அணைத்த பிறகும் போர்டில் 230 வோல்ட் நிற்கும். மெயின் அணைந்திருக்கிறது என்று நம்பிக் கை வைப்பவருக்கு அதுதான் ஆபத்து. மின்வெட்டிலும் கேட் திறக்க வேண்டும் என்று இன்வெர்ட்டர் வழியாகக் கொடுப்பதானால், அதற்கான நியூட்ரலும் இன்வெர்ட்டர் பக்கத்திலிருந்தே தனியாக வர வேண்டும். ஃபேஸ் ஓரிடம், நியூட்ரல் வேறிடம் என்று எடுத்தால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏசி மோட்டார் உறுமும், சூடேறும். சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் அதற்குச் சரி.

டிபி-யில் 6 ஆம்ப், சி கர்வ், டபுள் போல் எம்சிபி (அதிகக் கரண்ட் ஓடினால் விழும் சுவிட்ச்; சி கர்வ் அது விழும் வகை, டபுள் போல் என்றால் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அணைப்பது) ஒன்றும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி ஒன்றும் போடுங்கள். இரண்டும் சேர்ந்த ஆர்சிபிஓ கிடைத்தால் இன்னும் நல்லது. "எம்சிபி இருக்கிறதே, ஆர்சிசிபி எதற்கு?" என்று கேட்கும் எலக்ட்ரீஷியன்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லலாம். வீட்டின் எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வறண்ட கோடையில் இது சாதாரணம். மோட்டார் பாடியில் ஃபேஸ் பட்டால் எர்த் வழியாக ஓடுவது அதிகபட்சம் 230-ஐ 20-ஆல் வகுத்தால் வரும் 11.5 ஆம்ப். 16 ஆம்ப் எம்சிபி இதற்கு விழவே விழாது. 6 ஆம்ப் சி கர்வ் எம்சிபி உடனே விழ 30 முதல் 60 ஆம்ப் வரை வேண்டும், 11.5 ஆம்புக்கு அது சூடாகித் தாமதமாகத்தான் விழும். குழி இன்னும் வறண்டு தடை 50 ஓம் ஆனால் ஓடுவது 4.6 ஆம்ப், 6 ஆம்ப் எம்சிபி-யும் அசையாது. அதுவரை மோட்டார் பாடியில் தொட்டால் அடிக்கும் அளவுக்கு வோல்டேஜ் இருக்கும். மழையில் நனைந்த தரையில் நின்று குழந்தை தொடும் இடம் அது. ஆர்சிசிபி-க்கு 30 மில்லி ஆம்ப் கசிவே போதும். அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். ஆனால் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருவர் ஒரே நேரத்தில் தொட்டால் ஆர்சிசிபி காப்பாற்றாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எர்த் ஒயர் டிபி-யிலிருந்து கேபிளின் மூன்றாவது கோராகவே (உள் ஒயராகவே) வர வேண்டும். அது போர்டின் எர்த் டெர்மினல், மோட்டார் பாடி, இரும்புப் பெட்டியாக இருந்தால் அந்தப் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் போக வேண்டும். நியூட்ரலிலிருந்து ஒரு ஒயர் எடுத்து பாடிக்குக் கொடுப்பது கொலைக்குச் சமம். எங்காவது நியூட்ரல் அறுந்தால் கேட் முழுவதும் ஃபேஸ் ஏறிவிடும். கேட்டுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு எர்த் ராடு அடித்தால் அதையும் வீட்டு எர்த்தோடு இணைத்துவிடுங்கள்.

கேபிள் அளவில் பெரிய குழப்பம் வேண்டாம். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரின் தடை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 ஓம். டிபி-யிலிருந்து கேட் 30 மீட்டர் என்றால் போக வர 60 மீட்டர், 0.7 ஓமுக்குக் கொஞ்சம் மேலே. வீட்டு மோட்டார் 3 ஆம்ப் எடுத்தாலும் இழப்பு 2 வோல்ட்டைச் சுற்றித்தான். ஆகவே ஏசி மோட்டாருக்கு 1.5 போதும். 24 வோல்ட் டிசி மோட்டார் என்றால் கணக்கே வேறு: போர்டுக்கும் மோட்டாருக்கும் இடையே 10 மீட்டர் இருந்து 10 ஆம்ப் ஓடினால் அதே ஒயரில் 2.4 வோல்ட் போய்விடும், அதாவது பத்தில் ஒரு பங்கு. இரட்டைக் கதவு கேட்டில் தூரத்துக் கதவு மட்டும் சோம்பலாக நகர்வதற்கு இதுதான் வழக்கமான காரணம். உங்கள் ஸ்லைடிங் மோட்டாரில் போர்டு மோட்டாருக்குள்ளேயே இருந்தால் இந்தக் கவலை இல்லை.

230 வோல்ட் ஒயர் ஒரு பைப்பில், போட்டோசெல், சுவிட்ச் ஒயர்கள் எல்லாம் வேறொரு பைப்பில். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். தரைக்குக் கீழே எலி கடித்தோ தண்ணீர் புகுந்தோ இரண்டும் ஒட்டினால், சுவரில் இருக்கும் சாதாரண பட்டனில் 230 வோல்ட் வந்து நிற்கும். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், பக்கத்தில் ஓடும் மெயின் ஒயரின் தூண்டலால் போர்டு தவறான சிக்னலை எடுத்து நள்ளிரவில் கேட் தானாகத் திறப்பது உண்டு. கார் ஏறும் பாதையில் பைப் குறைந்தது இரண்டடி ஆழத்தில் போகட்டும். இரண்டு பைப் போடும்போதே மூன்றாவது ஒன்றைக் காலியாகப் போட்டு வையுங்கள். தரையில் கல் பதித்த பிறகு ஒயர் சேர்ப்பதற்கு ஆகும் செலவோடு பார்த்தால் பைப்பின் விலை ஒன்றுமில்லை.

பெட்டியைத் திறப்பதற்கு முன் டிபி-யில் எம்சிபி-யை அணைத்து, வேறு யாரும் போடாதபடி டேப் ஒட்டி, இன்வெர்ட்டர் லைனையும் அணையுங்கள். டிசி மாடலில் உள்ளே இரண்டு 12 வோல்ட் பேட்டரி இருந்தால் அவற்றின் கனெக்டரையும் கழற்றுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் இல்லாமலேயே கேட் நகரும். நியான் டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். அது எரியாவிட்டால் கரண்ட் இல்லை என்று அர்த்தமாகாது. மல்டிமீட்டரை முதலில் கரண்ட் இருக்கும் ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்து, பிறகு போர்டில் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் அளந்து, மறுபடி அதே பிளக்கில் மீட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கேட்டுக்கு அருகிலேயே ஒரு டபுள் போல் ஐசொலேட்டர் (கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் சோதனை செய்யும்போது உங்கள் கை அதன் மேலேயே இருக்கலாம்.

போர்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறினாலும் கேட் ஓடும், அதனால் பலர் கண்டுகொள்வதில்லை. ஆனால் போர்டில் உள்ள கண்ணாடி ஃபியூஸ் ஃபேஸ் பக்கத்தில் இருக்கிறது. மாற்றிக் கொடுத்தால் ஃபியூஸ் போன பிறகும் மோட்டார் சுருளில் கரண்ட் நிற்கும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று ஒயர் இழையைச் சுற்றி வைப்பது போர்டையே ஃபியூஸ் ஆக்குவது. அதே ஆம்ப் அளவில்தான் மாற்ற வேண்டும்.

ஏசி மோட்டாரிலிருந்து எர்த் போக மூன்று ஒயர் வரும்: காமன், ஓப்பன், க்ளோஸ். கெப்பாசிட்டர் ஓப்பனுக்கும் க்ளோஸுக்கும் நடுவே இருக்கும். நிறம் வைத்துக் கண்டுபிடிக்காதீர்கள். கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு மூன்று ஜோடிகளிலும் தடையை அளங்கள். இந்த வகை மோட்டாரில் இரண்டு சுருளும் சமம் என்பதால், இரண்டு ஜோடி ஒரே அளவும் மூன்றாவது ஜோடி அதன் இரட்டிப்பும் காட்டும். உதாரணமாக 25, 25, 50 ஓம். 50 காட்டும் இரண்டும் ஓப்பன், க்ளோஸ், மிஞ்சியது காமன். மோட்டார் ஓடும்போது கெப்பாசிட்டரின் முனைகளில் 230 வோல்ட்டுக்கும் மேலே போகும். அதனால்தான் அதன் மேல் 400 அல்லது 450 வோல்ட் என்று போட்டிருக்கிறது. 250 வோல்ட் கெப்பாசிட்டரை மாற்றாகப் போட்டால் வீங்கி வெடிக்கும். கழற்றிய கெப்பாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இரு முனையிலும் சில நொடி வைத்து, மீட்டரில் பார்த்த பிறகு தொடுங்கள். டிசி மோட்டாரில் இரண்டே ஒயர். திசை மாற வேண்டுமானால் இரண்டையும் இடம் மாற்றினால் போதும்.

இனி சின்ன வோல்டேஜ் பக்கம். இதில் இரண்டு வகை இன்புட் உண்டு. ஸ்டார்ட், ஓப்பன் மாதிரியான கட்டளைகள் சாதாரணமாகத் திறந்திருக்கும், அதாவது என்ஓ. பட்டனை அழுத்தினால் காமனோடு சேரும். ஸ்டாப், போட்டோ மாதிரியான பாதுகாப்பு இன்புட்டுகள் சாதாரணமாக மூடியிருக்கும், அதாவது என்சி. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. போட்டோசெல் ஒயர் அறுந்தாலோ, செல் எரிந்தாலோ, அதற்குக் கரண்ட் போகாவிட்டாலோ என்சி சுற்று திறந்துகொள்ளும். ஆபத்து வந்துவிட்டதாக நினைத்துப் போர்டு கேட்டை மூடாது. என்ஓ-வாக இருந்திருந்தால் அறுந்த ஒயர் யாருக்கும் தெரியாமலே கிடக்கும். இரண்டு ஜோடி போட்டோசெல் இருந்தால் இரண்டின் என்சி-யையும் வரிசையாக, சீரீஸில், இணைக்க வேண்டும். பாரலலில் கொடுத்தால் ஒன்று மறைந்தாலும் மற்றது மூடியே இருக்கும், அதனால் போர்டுக்கு எதுவும் தெரியாது. கேட் விளிம்பில், அழுந்தினால் உணரும் ரப்பர் சேஃப்டி எட்ஜ் வைத்தால் பெரும்பாலும் அதன் கடைசியில் 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். ஒயர் அறுந்ததையும் அழுந்தியதையும் போர்டு அதை வைத்துத்தான் பிரித்தறிகிறது.

இந்த இன்புட் எதிலும் வெளியிலிருந்து வோல்டேஜ் போகக் கூடாது. போர்டுகளைச் சாகடிக்கும் வழக்கமான தவறு இதுதான்: ஹாலில் இருக்கும் மாடுலர் சுவிட்ச் பெட்டியில் ஒரு பெல் பட்டனைச் சேர்த்து, பழக்கதோஷத்தில் பக்கத்து சுவிட்சின் ஃபேஸிலிருந்து லூப் எடுத்துவிடுவார்கள். ஸ்டார்ட் டெர்மினலில் 230 வோல்ட் போன நொடியில் கதை முடிந்தது. கேட் பட்டனுக்குத் தனிப் பெட்டி, தனி ஒயர். அழுத்தினால் சேர்ந்து விட்டால் பிரியும் பெல் புஷ் வகைதான் வேண்டும்; லைட் சுவிட்ச் போட்டால் ஸ்டார்ட் எப்போதும் அழுந்தியே இருக்கும், சில போர்டுகளில் ரிமோட்டும் தானியங்கி மூடலும் வேலை செய்யாமல் போகும்.

போட்டோசெல் ஒரு ஜோடி. அதில் ஒளியை அனுப்பும் செல்லுக்கு இரண்டே ஒயர், கரண்ட் மட்டும். வாங்கும் செல்லுக்கு நான்கு: கரண்ட்டுக்கு இரண்டு, காமனும் என்சி-யும் இரண்டு. அனுப்பும் செல்லின் கரண்ட்டைத் தனி டெர்மினலில் தரும் போர்டுகள் உண்டு. ஒவ்வொரு முறை நகர்வதற்கு முன்பும் அதை ஒரு கணம் அணைத்து, வாங்கும் பக்கத்தின் என்சி திறக்கிறதா என்று சோதிக்கும். உங்கள் போர்டில் அந்த வசதி இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். உள்ளிருக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சின்ன சுவிட்ச்) ஒட்டிக்கொண்ட செல்லைத் தானாகக் கண்டுபிடிக்க வேறு எளிய வழி இல்லை. தரையிலிருந்து 50–60 செ.மீ. உயரம், கேட் ஓடும் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி வையுங்கள். இந்த உயரத்தில் நாய்க்குட்டி கீழே போய்விடும், லாரியின் அடிப்பகுதி மேலே போய்விடும். அப்படிப்பட்ட போக்குவரத்து இருந்தால் இரண்டாவது ஜோடி வேண்டும். கேட் கிழக்கு மேற்காகத் திறந்தால், காலை அல்லது மாலைச் சூரியன் வாங்கும் செல்லின் கண்ணில் நேராக விழாத பக்கத்தில் அதைப் பொருத்துங்கள்.

இப்போது ஷார்ட் விஷயம். பயன்படுத்தாத என்சி இன்புட்டுக்கு ஜம்பர் (ஷார்ட் செய்யும் சின்ன ஒயர்) போடு என்று கம்பெனித் தாளிலேயே இருக்கும்; அதைப் பார்த்துத்தான் எல்லோரும் செய்கிறார்கள். ஸ்டாப் பட்டன் இல்லாத வீட்டில் ஸ்டாப்புக்கு ஜம்பர் போட்டே ஆக வேண்டும், அதில் தவறில்லை. போட்டோவுக்குப் போடுவது வேறு. எதிரே ஏதாவது இடித்தால் உணரும் மோட்டாரின் வசதி போதும் என்பார்கள். அது இடித்த பிறகுதான் உணரும். ஐரோப்பாவின் இஎன் 12453 நெறிமுறை, 50 முதல் 500 மி.மீ. வரையிலான இடைவெளியில் கேட் ஆளை அழுத்தும் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது, முக்கால் நொடிக்குள் 150-க்குக் கீழே இறங்க வேண்டும் என்கிறது. 400 நியூட்டன் என்றால் ஏறக்குறைய 40 கிலோ எடை. சில நூறு கிலோ உள்ள உங்கள் இரும்புக் கேட் அந்த வரம்புக்குள் நிற்கிறதா என்பதைக் கையால் பிடித்துப் பார்த்துச் சொல்ல முடியாது, அதற்கென்று இருக்கும் விசைமானியால்தான் முடியும். அது இல்லாத நிலையில் போட்டோசெல்லும் ரப்பர் எட்ஜும்தான் நம் கையில் இருக்கும் காப்பு. செல் வரும்வரை ஜம்பரோடு கேட்டை ஓட்டியே ஆக வேண்டுமென்றால், தானியங்கி மூடலை அணைத்து, பட்டனை அழுத்திப் பிடித்தால் மட்டும் நகரும் முறை தாளில் இருந்தால் அதைப் போட்டு, கேட் கண்ணில் படும் இடத்தில் நின்று அந்தப் பட்டனால் மூடுங்கள். ரிமோட்டை அதுவரை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

கரண்ட் கொடுப்பதற்கு முன் ஒயரிங்குக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் பாருங்கள்: தண்டவாளத்தின் இரு முனையிலும் இரும்பு ஸ்டாப்பர் இருக்கிறதா? கேட்டை மேலே பிடிக்கும் கைடு உறுதியாக இருக்கிறதா? கேட்டை முனையில் நிறுத்தும் லிமிட் சுவிட்ச் ஒரு நாள் பழுதாகும். அன்று ஸ்டாப்பர் இல்லாவிட்டால் கேட் தடத்தை விட்டு இறங்கி ஆள் மேல் சாயும். இது முடியாமல் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றி வைத்திருங்கள். போர்டுக்கு மட்டும் கரண்ட் போகட்டும். பெரும்பாலான போர்டுகளில் என்சி இன்புட்டின் எல்.ஈ.டி. எரிந்துகொண்டிருக்கும், போட்டோசெல்லைக் கையால் மறைத்தால் அணைய வேண்டும், லிமிட் சுவிட்சை நகர்த்தினால் அதற்குரியது மட்டும் மாற வேண்டும். எல்லாம் சரியென்றால் கரண்ட்டை அணைத்து மோட்டார் ஒயரை இணைத்து, மோட்டாரின் பிடியைச் சாவியால் விடுவித்துக் கேட்டைக் கையால் பாதி தூரத்துக்குத் தள்ளிப் பூட்டுங்கள். கரண்ட் கொடுத்து ஸ்டார்ட் ஒரு முறை. வழக்கமாகப் போர்டின் முதல் அசைவு திறப்பதுதான். மூடினால் உடனே ஐசொலேட்டரை அணையுங்கள். மோட்டாரின் ஓப்பன், க்ளோஸ் ஒயர்களை மாற்றும்போது லிமிட் சுவிட்ச் ஒயர்கள் சரியான பக்கம் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மோட்டாரை மட்டும் மாற்றி லிமிட்டை மறந்தால் கேட் முனையில் நிற்காமல் ஸ்டாப்பரில் போய் மோதும். விசையைக் குறைந்த அளவில் வைத்து, கேட் முழு தூரம் ஓடும்வரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கையால் தள்ளும்போதே இழுத்துப் பிடிக்கும் கேட்டை விசை ஏற்றி ஓட்டாதீர்கள். சக்கரத்தையும் தண்டவாளத்தையும் சரிசெய்யுங்கள், மோட்டாரின் பல்சக்கரமான பினியனுக்கும் கேட்டில் இருக்கும் பல் ரேக்குக்கும் நடுவே 1 முதல் 2 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். தானியங்கி மூடலைக் கடைசியில் போடுங்கள்.

பெட்டியை மூடும்போது ஒயர்கள் கீழ்ப்பக்கத்திலிருந்து கிளாண்ட் (ஒயரை இறுக்கிப் பிடிக்கும் அடைப்பு) வழியாக மட்டும் நுழையட்டும், தரையிலிருந்து வரும் பைப்பின் வாயை அடைத்துவிடுங்கள். மின்னலைப் போலவே எறும்பும் பல்லியும் இங்கே போர்டுகளைக் கொல்லும். வெதுவெதுப்பான டிரான்ஸ்ஃபார்மரைத் தேடி எறும்பும் பல்லியும் பைப் வழியாகவே வரும். மழைக்காலத்தில் வாசலில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். மோட்டாரின் அடிப்பீடம் அதற்கு மேலே இருக்க வேண்டும். ஒயர் கொடுத்த பிறகும் மூடும் கட்டளைக்குக் கேட் அசையாமல், திறப்பது மட்டும் நடந்தால் போட்டோ இன்புட் திறந்திருக்கிறது என்று பொருள். இரண்டுமே நடக்காவிட்டால் ஸ்டாப்பைப் பாருங்கள். உறுமிக்கொண்டு நகராமல் நின்றால் கெப்பாசிட்டர் அல்லது காமன் ஒயர் தவறு. ரிலே சத்தம் கேட்டும் மோட்டார் மௌனமாக இருந்தால், பத்து நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். தொடர்ந்து சோதித்ததில் சூடாகி, உள்ளிருக்கும் தெர்மல் கட்டவுட் திறந்திருக்கலாம்.